நாய்களின் விலாசம்

1

நியூசிலாந்தின் தென் தீவில், ஒரு சிறிய ஊரில், மகள் வீட்டில் இருக்கிறோம். மகள், மருமகன், பேத்தி நிலா, என் மனைவி சரஸ்வதி, நான். இவர்களோடு பிஸ்கட். பிஸ்கட் ஒரு நாய். எங்கள் எல்லோரிலும் இந்த ஊர் நகர மன்றம் ஆண்டுதோறும் நலம் விசாரிப்பது பிஸ்கட்டை மட்டும்தான். அதற்குப் பதிவு உண்டு, தோலுக்கடியில் சில்லு உண்டு, கழுத்தில் அந்தந்த ஆண்டுக்கான வண்ணத்தில் ஒரு வில்லை உண்டு. அது இந்த ஊர்வாசி. நான் விசாவில் இருப்பவன்.

போன வாரம் பதிவைப் புதுப்பிக்க நிலாவோடு மன்ற அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் பிஸ்கட்டின் தாள்களை நீட்டி, எங்கள் அலுவலக ஆங்கிலத்தில், ஆவன செய்து உதவுமாறு கேட்டுக்கொண்டேன். அவள் தாள்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன்" என்றாள். என் பணிக்காலம் முழுவதும் 'ஆவன செய்க' என்று எழுதியிருக்கிறேன். என்ன ஆவன என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தொடரே இருக்கிறது.

"அப்புச்சி, ப்ளீஸ். நான் பேசறேன்" என்றாள் நிலா, பல்லைக் கடித்துக்கொண்டு. அவளிடம் மிச்சமிருக்கும் தமிழில் பாதி என்னை அடக்குவதற்குப் பயன்படுகிறது. மீதிப் பாதி அவள் அம்மாயி சரஸ்வதியின் சமையலைப் புகழ. பிஸ்கட்டிடம் அவள் தமிழ் பேசுவதே இல்லை. கேட்டால், அதற்குக் குழப்பமாகிவிடும் என்கிறாள்.

புதிய வில்லையைக் கொடுத்துக்கொண்டே அந்தப் பெண் பேச்சுக்குக் கேட்டாள்: "உங்கள் நாட்டில் நாய்களைப் பதிவு செய்வீர்களா?"

"எங்கள் பக்கத்துத் தெருநாய்களுக்கு விலாசமே கிடையாது" என்றேன்.

வீடு திரும்பும் வழியில்தான் அது பொய் என்று உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் நாய்களுக்கு மட்டும் முறையான விலாசம் உண்டு. புல எண்ணோடு, மன்றத் தீர்மானத்தோடு. வாங்கிக்கொடுத்தவன் நான்.

2

திருப்பூரைச் சுற்றியுள்ள நகராட்சிகளில் ஒன்றில் மன்றப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்து, மேலாளராக ஓய்வு பெற்றேன். எந்த நகராட்சி என்று சொல்லப் போவதில்லை. ஓய்வூதியத்தில் வாழ்கிறவன் சில அடக்கங்களைப் பழகிக்கொள்ள வேண்டும். மன்றப் பிரிவு என்பது, நகர்மன்றக் கூட்டத்துக்கு முன்னால் பொருள்நிரலும் பின்னால் தீர்மானமும் எழுதும் இடம். மேசையைத் தட்டியவர், வெளிநடப்புச் செய்தவர், வடை ஆறிவிட்டது என்று சண்டை போட்டவர், எல்லோரும் என் பேனாவுக்குள் வந்ததும் 'விவாதத்துக்குப் பின் ஏகமனதாக' ஆகிவிடுவார்கள். ஊரில் என்ன நடந்தது என்பது வேறு, கோப்பில் என்ன நடந்தது என்பது வேறு. அரசாங்கத்துக்கு நடந்தது இரண்டாவது மட்டும்.

பழனிச்சாமி என் மனைவியின் தம்பி. அவன் வயதுக்காரர்கள் மானாவாரிக் காட்டை விற்றோ அடகு வைத்தோ பனியன் கம்பெனி போட்டார்கள். அவனும் கூட்டாளியோடு சேர்ந்து தையல் யூனிட் ஒன்று போட்டுப் பார்த்தான். ஓராண்டில் மெஷின்களும் போயின, கூட்டாளியும் போனான். மிஞ்சிய மேய்ச்சல் காட்டில் செம்மறி வளர்க்க ஆரம்பித்தான். அதில் எப்படியோ கால் ஊன்றிவிட்டான். "இதுவும் போனா எனக்கு அடுத்த உத்தியோகம் கம்பெனி வாசல்ல வாட்ச்மேன் சேருதானுங்க மாமா" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவான். தனக்குப் பின்னால் தொடங்கியவனின் கம்பெனி வாசலில் உட்கார்ந்து சலாம் போடுவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய தோல்வி என்பது படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அவன் காடு அவிநாசிபாளையம் போகிற வழியில், நகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி தொடங்கும் இடத்தில் இருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம், நகராட்சி எல்லைக்குள், கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட ஒரு பாறைக்குழி. நகராட்சியின் குப்பை லாரிகள் அதில்தான் கொட்டும். கம்பெனிகளின் பனியன் வேஸ்ட்டும் அங்கேதான் வரும். ஞாயிற்றுக்கிழமை சாய்ந்தால் கறிக்கடைகளின் கோழிக்கழிவு மூட்டை மூட்டையாக வரும். ஆக, நாய்களுக்கு ஏற்றுமதித் தரத்தில் மெத்தை, வாரந்தவறாத விருந்து. அவை அங்கே குட்டி போட்டுப் பெருகியதில் வியப்பில்லை. கோழிக்கழிவு வராத நாட்களில்தான் சிக்கல்.

சென்ற ஆண்டு ஒரு நாள் எங்களுக்குப் பிற்பகல், ஊரில் காலை. வீடியோ அழைப்பில் வந்தான்.

"மாமா, பேசலாமுங்களா?"

"சொல்லு மாப்ள."

"பட்டிக்குள்ள நாய் பூந்திருச்சுங்க. ஏழெட்டு போச்சுங்க. அதுல ரெண்டு சென ஆடுங்க. ஒண்ணையும் திங்கலீங்க மாமா. கடிச்சுக் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சுங்க."

போனைத் திருப்பிக் காட்டினான். பட்டிப் படலை ஒட்டி வரிசையாகக் கிடந்தன. ஒன்று இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. "அக்கா பக்கத்துல இருந்தாச் சொல்லிப் போடாதீங்க" என்றான்.

"எல்லாம் பாத்துக்கிட்டுத்தான்டா நிக்கறேன்" என்றாள் சரஸ்வதி என் முதுகுக்குப் பின்னால்.

அவளுக்கும் பின்னால் நிலா நின்றிருந்தாள். படத்தைப் பார்த்ததும் பிஸ்கட்டை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாலையில் வந்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "அந்த நாய்களுக்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள்?" ஆடுகளைப் பற்றி ஏதும் கேட்கவில்லை. நாயைத் திட்டும் ஒரு சொல்லை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

3

முதலில் அவன் ஊராட்சி அலுவலகம் போனான். "அதுக டவுன் நாயிங்க. டவுன்லதான் கேக்கோணும்" என்றார்கள். நகராட்சிக்குப் போனான். சுகாதார ஆய்வாளர் உட்காரச் சொல்லி, டீ வாங்கிக்கொடுத்து, "உங்க ஆடு ஊராட்சி ஆடுங்களே. நாங்க எப்படிங்க அங்க வர்றது?" என்றார்.

"அப்போ ரோட்டத் தாண்டறப்ப அது யாரு நாயிங்க மாமா?" என்று என்னிடம் கேட்டான். நல்ல சட்டக் கேள்வி. எந்த மன்றமும் இதைப் பொருளாக எடுத்ததில்லை.

ஆடுகளுக்கு இழப்பீடு கேட்கலாம், கால்நடை மருத்துவர் சான்று வேண்டும் என்று வழிமுறையைச் சொல்ல ஆரம்பித்தேன். குறுக்கே வந்தான்.

"காசு கெடக்குதுங்க மாமா. நாயப் புடிக்கச் சொல்லுங்க. தடிய வெச்சுக்கிட்டுப் பட்டிக்குள்ளயே படுக்கறேன். கண்ணு அசந்தா வந்துருதுங்க. எத்தன நாளைக்குங்க?"

சிலர் நாய்களுக்கு விஷ மருந்து வைக்கச் சொல்கிறார்கள் என்றும் சொன்னான். அது குற்றம், அதைச் செய்துவிடாதே என்றேன். சரிங்க என்றான்.

அன்று சரஸ்வதி சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்த சத்தத்திலேயே பேச்சு வருகிறது என்று தெரிந்தது.

"ஏனுங்க, அத்தன வருசம் அந்த ஆபீசுல குந்தியிருந்தீங்க. ஒரு நாயப் புடிக்கச் சொல்ல ஆவாதுங்களா உங்களால?"

"அதுக்கு முறை இருக்குது."

"அந்த முறையத்தான் சொல்லிக்குடுங்களேன். இங்க என்ன வெட்டி முறிக்கறீங்க?"

யோசித்துப் பார்த்தேன். வார்டு எல்லை பிரித்தபோது வரைபடத்தை நானே மேசையில் விரித்து வைத்திருந்தேன். சாலை அந்த இடத்தில் வளைகிறது. எல்லைக்கோடு வளையவில்லை. ஆகவே பழனிச்சாமியின் காட்டில் சாலையோரமாக ஒரு சிறு துண்டு, பட்டி வாசல் இருக்கும் துண்டு, நகராட்சிக்குள் கிடக்கிறது. அதற்கு வரி கட்டிய ரசீதும் அவனிடம் இருந்தது. அந்தப் புல எண்ணைப் போட்டு மனு கொடுத்தால், எங்கள் எல்லையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாயும் நகராட்சி நாய், இடமும் நகராட்சி இடம்.

போனில் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான். இடையில் நிறுத்தினான்.

"மாமா, அந்தக் குழியில கொட்டறத நிறுத்தச் சொல்ல வேண்டாமுங்களா? அதுதானுங்களே வேரு?"

"அத எழுதாத மாப்ள. குழிய எழுதுனா அது புகாரு. நாய எழுதுனா அது கோரிக்கை. புகாருக்கு வெளக்கம் கேப்பாங்க. கோரிக்கைக்கு வண்டி அனுப்புவாங்க."

"சரிங்க."

இதை விளக்க வேண்டும். பாறைக்குழியில் குப்பை கொட்ட எந்தத் தீர்மானமும் இல்லை. காகிதத்தில் அந்த லாரிகள் எல்லாம் உரக்கிடங்குக்குத்தான் போகின்றன. கோழிக்கழிவு கொட்டும் மொத்த வியாபாரி அந்த வார்டு உறுப்பினரின் சம்பந்தி. எனவே கோப்புகளின் உலகத்தில் அப்படி ஒரு குழி கிடையாது. இல்லாத குழியை மனுவில் தோண்டினால் மனு அதற்குள்ளேயே விழுந்துவிடும். 'மேற்படி புல எண்ணில் உள்ள எனது பட்டி வாசலில் கூடும் தெருநாய்களைப் பிடித்து ஆவன செய்யுமாறு' என்று முடித்தோம். இடம் துல்லியமாக இருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். இடம் தெளிவில்லாத மனுக்களை நான் எப்படித் திருப்பி அனுப்புவேன் என்று எனக்குத் தெரியும்.

4

மனு நகர்ந்தது. மன்றக் கூட்டத்தின் கூடுதல் பொருள்களில் கடைசியாக இடம் பிடித்தது. பழனிச்சாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய், கூட்ட அரங்கின் கதவருகே நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"கூட்டம் பூரா அலங்கார வளைவுதானுங்க மாமா. ஊரு நொழையறப்ப வெக்கறாங்களே, அந்த வளைவுக்கு என்ன பெயிண்ட்டு அடிக்கறதுன்னு பேசுனாங்க, பேசுனாங்க, அப்படிப் பேசுனாங்க."

"நாய்?"

"எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. அப்பத்தான் ஒருத்தரு கடகடன்னு படிச்சாரு. நம்ம பேரு வந்துச்சுங்க. யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. வார்டு கவுன்சிலரம்மா வீட்டுக்காரரு மட்டும் வெளிய வந்து, 'என்னங்க பழனிச்சாமி, திருப்தியா? குழி கிழின்னு எதையும் இழுக்காம எழுதுனீங்க பாருங்க, அதான் மருவாதி'ன்னாரு. பாஸாயிருச்சுங்களா மாமா?"

பாஸாகிவிட்டது. தீர்மானங்கள் பெரும்பாலும் நாற்காலிகள் நகரும் ஓசையில்தான் நிறைவேறும். வளைவுக்கு வண்ணம் முடிவாகவில்லை, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று வீட்டில் எனக்கு மரியாதை கூடியது. சரஸ்வதி எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தகையைப் பிழிந்தாள். நிலா மட்டும் தட்டோடு வந்து எதிரில் நின்றாள்.

"கொன்றுவிடுவார்களா?"

"இல்லை கண்ணு. கூட்டிக்கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். அதுதான் விதி."

"நல்ல விதி" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எங்கள் நாட்டின் விதி ஒன்றை இந்தப் பிள்ளை பாராட்டியதில் எனக்கும் கொஞ்சம் பெருமை. பிடித்த இடம் என்றால் பாறைக்குழிதானே என்று நினைத்துக்கொண்டேன். குழியிலிருந்து பட்டிக்கு நடுவே சாலை இருக்கிறது. எண்ணிக்கையும் குறையும், வெறியும் தணியும், தடி பிடித்த கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அவ்வளவு போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

5

வண்டி வந்தது. கண்ணி போட்டுக் குழியோரத்தில் பிடிக்க முடிந்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு போனார்கள். பழனிச்சாமி வீட்டுக்குள் படுத்துத் தூங்கினான். ஆடுகள் குட்டி ஈன்றன. ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் போனில் காட்டினான். நிலாகூட வந்து பார்த்து, ஒரு குட்டிக்குப் பெயர் வைத்தாள்.

பிறகு ஒரு நாள் அழைப்பு வந்தது. எடுத்ததும் வணக்கம் சொல்லவில்லை.

"மாமா, நம்ம வாசல்ல வண்டிய நிறுத்தி நாய எறக்கப் போறேங்கறாருங்க. நீங்களே பேசுங்க."

ஒலிபெருக்கியில் போட்டான். வண்டி ஓட்டுநர் தென்மாவட்டத்துக்காரர்.

"அண்ணாச்சி, என்கிட்ட எதுக்குச் சத்தம் போடுதீங்க? சீட்டுல புல எண் போட்டிருக்கு. பழனிச்சாமி பட்டி வாசல்னு போட்டிருக்கு. பிடிச்ச இடம்னு இதத்தான் எழுதியிருக்காவ. வேற இடத்துல விட்டா எனக்கு மெமோ."

"ஏனுங்க, புடிச்சது அந்தக் குழியிலதானுங்களே. அந்தா தெரியுது பாருங்க. அங்க விடுங்க."

"எந்தக் குழி? சீட்டுல குழியே இல்லையே."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். நான் யார், எந்தப் பதவியில் இருந்தேன் என்பதைச் சொல்லி, கள நிலவரத்தை அனுசரித்து நடந்துகொள்ளும்படி கேட்டேன்.

"சார் இப்ப எங்க இருந்து பேசுதீங்க?"

சொன்னேன்.

"அங்கயும் நாய் உண்டா சார்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். பிறகு, "எழுதித் தாங்க சார், எங்க வேணாலும் விடுதேன். வாய்ச்சொல்லுக்கு வண்டி திரும்பாது" என்றார்.

கூண்டின் தாழ் திறக்கும் சத்தம் கேட்டது. ஆடுகள் கத்த ஆரம்பித்தன. நாய்கள் குரைக்கவே இல்லை.

என் பழைய நாற்காலியில் இப்போது இருப்பவர் நான் வேலை பழக்கியவர். உடனே அழைத்தேன். மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்லிக்குடுத்ததுதானுங்க சார். கோப்புல இல்லாத எடத்த நாம எப்படிங்க சேக்கறது? திருத்தத் தீர்மானம் வெக்கோணும்னா, அங்க ஒரு குழி இருக்குதுன்னு சுகாதாரப் பிரிவு எழுதித் தரோணும். தருவாங்களா சார்?"

தரமாட்டார்கள். நானாக இருந்தாலும் அவரிடம் வேறு பதில் சொல்லியிருக்க மாட்டேன். நாய்களைப் பிடிப்பதற்காக நான் எழுதவைத்த விலாசம், இப்போது அவை வாழ்வதற்கான விலாசம். வேறிடத்துக்கு அவற்றைத் துரத்தினால் பழனிச்சாமி விதியை மீறியவனாவான்.

சரஸ்வதி அன்று சாப்பாட்டுத் தட்டைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனாள். சத்தத்தோடு வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

6

அவன் வேலியை உயர்த்தினான். முள் வெட்டிப் போட்டான். மறுபடி பட்டிக்குள் படுத்தான். காய்ச்சலில் விழுந்து அவன் எழுந்திருக்க முடியாமல் போன சமயத்தில் அவை வந்துவிட்டன. இம்முறை அவன் வீடியோவில் வரவில்லை. குரல் மட்டும்.

"குட்டிக மிஞ்சலீங்க மாமா."

நிலா பெயர் வைத்த குட்டியும் அதில் ஒன்றா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவளாகக் கேட்டபோது, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நம்பாதவள் மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. இந்த நாகரிகம் மட்டும் அவளுக்கு எங்கள் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது.

மிஞ்சிய ஆடுகளை வந்த வியாபாரியிடம் ஏற்றிவிட்டான். ஏற்றும்போது கூட நின்றானா, வீட்டுக்குள் போய்விட்டானா என்று தெரியவில்லை. இப்போது சாலையை ஒட்டி ஒரு நிட்டிங் கம்பெனியில் வாசல் வேலை. சட்டையில் பெயர் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மருந்து வைக்காதே என்று சொன்னவன் நான் என்பதால், அதைப் பற்றி அவன் என்னிடம் மறுபடி பேசியதேயில்லை.

வில்லை வாங்கி வந்த மறுநாள் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சுகாதார ஆய்வாளர் கள ஆய்வுக்கு வந்திருக்கிறார். நாய்களைப் பற்றிய மனு இன்னும் நிலுவையில் காட்டுகிறதாம். மேலே இருந்து கேட்கிறார்களாம்.

"ஆடு இருக்குதுங்களான்னு கேட்டாருங்க மாமா. இல்லீங்கன்னேன். எழுதிக்கிட்டாரு. என்ன எழுதுனாருன்னு படிக்கறேன் கேளுங்க."

எழுத்துக்கூட்டிப் படித்தான். 'மனுதாரரின் இடத்தில் கள ஆய்வு செய்ததில் தற்போது ஆடுகள் ஏதும் இல்லை. எனவே தெருநாய்களால் ஆடுகளுக்கு இடையூறு என்ற குறை தற்போது எழவில்லை. மனு மீது தீர்வு காணப்பட்டது.'

பிழையில்லாத நடை. ஒரு சொல்கூட மிகையில்லை. அந்த நாற்காலியில் இருந்தால் நானும் இதற்குக் கீழே சுருக்கொப்பம் போட்டிருப்பேன்.

"இதுக்கு என்னங்க மாமா அர்த்தம்?"

"முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம் மாப்ள."

"கீழ ஒரு கட்டம் இருக்குதுங்க. மனுதாரருக்குத் திருப்தின்னு. அதுல கையெழுத்துக் கேக்கறாருங்க."

போடாதே என்று சொல்லலாம். போடாவிட்டால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. யாருக்கு எழுதுவது, எந்த விதியைக் காட்டுவது, எல்லாம் எனக்கு மனப்பாடம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"பாவமுங்க மாமா, வெயில்ல நின்னுக்கிட்டே இருக்கறாரு. நம்மனால அவருக்கு எதுக்குங்க தொந்தரவு? போட்டுக் குடுத்தறேனுங்க."

போன் அணையவில்லை. காகிதம் மடியும் ஓசை கேட்டது. பிறகு பழனிச்சாமியின் குரல், கொஞ்சம் தள்ளி, அவரிடம்:

"மோரு இருக்குதுங்க. ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் போறீங்களா?"